காட்டுப்பன்றிக்கு எந்த ரைஃபிள் நல்லது?

கேள்வி நேரம்

வழக்கமாக இந்தப் பகுதியில் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வோம். இந்த முறை ஒரே கடிதம்தான். எழுதியவர் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். ஆனால் அதற்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மலையடிவாரத்தில் வெள்ளாமை செய்கிற பல பேருடைய மனதில் இருப்பவை அவை. அதனால் முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

'தென்காசி மாவட்டத்தில் மலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. காட்டு எல்லையிலிருந்து ரெண்டு கிலோமீட்டரில் மூணு ஏக்கர் நிலம். புரட்டாசிக் கடைசியில் மக்காச்சோளம் போட்டேன். மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கியது. ரெண்டே ராத்திரியில் ஒண்ணரை ஏக்கர் காலி. மூணு வருஷமாக இதே கதை. இனிமேல் பொறுக்க முடியாது என்று வீட்டுக்காரி நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் ரூபாய் தயார் செய்திருக்கிறேன். மைத்துனர் .315 ரைஃபிள் வாங்கு என்கிறார். பட்டாளத்தில் இருந்து வந்த சித்தப்பா .30-06தான் சரி என்கிறார். பையன் செல்போனில் ரெமிங்டன், வின்செஸ்டர், டிக்கா என்று காட்டுகிறான். எந்தக் கம்பெனி வாங்கலாம்? பெயர் போட வேண்டாம்.'

ஐயா, வணக்கம். உங்கள் வயிற்றெரிச்சல் எங்களுக்குப் புரிகிறது. கேட்ட கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு, கேட்காமல் விட்டதையும் சொல்கிறேன். இரண்டையும் படித்துவிட்டு நகையைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

ரைஃபிள் என்றால் என்ன?

நம் ஊரில் எல்லாவற்றையும் 'துப்பாக்கி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு சாதி. குழலின் உட்புறம் வழவழவென்று இருந்தால் அது மரையில்லாத துப்பாக்கி. 12 போர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி எல்லாம் இந்த ரகம். குழலுக்குள் திருகு மாதிரி மரை ஓடினால் அது ரைஃபிள். அந்த மரை குண்டைப் பம்பரம் மாதிரிச் சுழற்றி அனுப்பும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு தடம் மாறாமல் வெகுதூரம் போகும்.

'போல்ட் ஆக்‌ஷன்' என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கையால் இதைச் செய்ய வேண்டும். உதிரிப் பாகம் குறைவு. பழுது குறைவு. அதனால்தான் நூறு வருடத்துக்கு மேலாக இந்த அமைப்பு நிலைத்து நிற்கிறது.

.315ஆ, .30-06ஆ?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் மைத்துனரும் சித்தப்பாவும் இரண்டு கம்பெனிகளுக்காகச் சண்டை போடவில்லை. நம் நாட்டில் சாதாரண ஆளுக்குப் புதிதாகக் கிடைக்கிற .315, .30-06 இரண்டும் மேற்கு வங்கத்தில் உள்ள ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் பிறந்தவை. ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அதில் நம் திருச்சி தொழிற்சாலையும் ஈஷாப்பூரும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன. தோட்டா செய்கிற தொழிற்சாலைகள் தனிக் கம்பெனி ஆயின.

.315 என்பது பழைய ராணுவ .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் அமைப்பைத் தழுவியது. .303 தடை செய்யப்பட்ட ரகம் என்பதால், பொதுமக்களுக்கென்று வேறு அளவுத் தோட்டாவோடு இதைச் செய்தார்கள். தாழ்ப்பாள் லேசாக ஓடும். துப்பாக்கிக் கடைகளில் தோட்டாவும் பழக்கப்பட்ட சரக்கு. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அதிகம்.

.30-06 என்பது 1906ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா. பெயரில் உள்ள 06 அந்த வருடத்தைக் குறிப்பதுதான். வேகமும் வீச்சும் .315ஐ விட அதிகம். தோளில் உதையும் அதிகம். தொலைதூரத்தில் நிற்கும் பெரிய விலங்குக்கான தோட்டா இது.

சோளக்காட்டு வரப்பில் நின்று முப்பது, நாற்பது கஜத்தில் பன்றியைப் பார்க்கிற ஆளுக்கு, இந்த இரண்டின் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஏன் சொல்கிறேன் என்றால், 50 குதிரைத் திறன் டிராக்டர் வாங்கி அரை ஏக்கர் தோட்டத்தில் திருப்ப முடியாமல் நிற்கிற கதை மாதிரிதான் இதுவும். பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று கேட்டால் .30-06. உங்கள் தாலுகாவில் எதை வைத்துப் பிழைக்கலாம் என்று கேட்டால் .315.

பையன் காட்டிய வெளிநாட்டுப் பெயர்கள்

பையனைக் குறை சொல்லாதீர்கள். அவன் காட்டியவை எல்லாம் பெயர் பெற்றவைதான். ஆனால் ஒவ்வொன்றும் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வகைத் துப்பாக்கிகளுக்கெல்லாம் தாத்தா, ஜெர்மனியின் மௌசர் 98. 1898இல் வந்தது. தோட்டாவின் அடிப்பாகத்தை ஒரு பெரிய கொக்கி கவ்விப் பிடித்தபடியே உள்ளே தள்ளி, அதே பிடியோடு வெளியே இழுக்கும். தோட்டா சிக்குவது குறைவு. அமெரிக்காவின் வின்செஸ்டர் மாடல் 70 இந்த வழியில் 1936இல் வந்தது. 1964இல் செலவைக் குறைக்க அமைப்பை மாற்றினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அங்குள்ள பழைய ஆட்கள் '64க்கு முந்தியதா, பிந்தியதா' என்று கேட்டு விலை பேசுகிறார்கள். ரெமிங்டன் 700 வந்தது 1962இல். செய்முறை எளிது, குறி சுத்தம் என்று பெயர் வாங்கியது. டிக்கா பின்லாந்துச் சரக்கு. அங்குள்ள சாகோ கம்பெனி செய்வது. தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி ஓடும் என்று புகழ்வார்கள்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரம் ஏக்கர் பண்ணை வைத்திருக்கிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பற்றி விவாதம் செய்வார்கள். நம் ஊரில் உழவு மாடு காங்கேயமா, உம்பளாச்சேரியா என்று பேசுவது போல. ஆனால் நம் நாட்டில் தனிநபர் வெளிநாட்டு ரைஃபிளை இறக்குமதி செய்வதற்குப் பல பத்தாண்டுகளாகத் தடை இருக்கிறது. போட்டிகளில் தேர்ந்த துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் விதிவிலக்கு. இப்போது வெளியில் விற்பனைக்கு வருபவை தடைக்கு முன்னால் வந்த பழைய சரக்கு. பிராண்டு பெயருக்காகவே யானை விலை சொல்வார்கள். ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தால் மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவீர்கள்? அந்தப் பெயர்களைச் செல்போனிலேயே விட்டுவிடுங்கள்.

பழையது வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை

உரிமம் கையில் வைத்திருக்கிற வாசகர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வரிசை இதுதான்.

முதலில் துப்பாக்கி காலியா என்று நீங்களே தாழ்ப்பாளைத் திறந்து பாருங்கள். கொடுக்கிறவர் 'காலிதான்' என்று சொன்னாலும் பாருங்கள். பிறகு தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். மரை கூர்மையாக, பளபளப்பாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரித் துரு தின்ற குழி இருந்தால் வேண்டாம். கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று கைப்பிடிக்குப் பின்னால் உற்றுப் பாருங்கள். பூட்டுவிசையைப் போட்டுவிட்டுச் சுடுவிசையை அழுத்தினால் ஊசி விழக் கூடாது. பூட்டை எடுக்கும்போதும் ஊசி விழக் கூடாது. தாழ்ப்பாளில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் போட்டுச் சுட்டால் தோட்டா முகத்துக்கு நேரே வெடித்த சம்பவங்கள் உண்டு. தோளில் வைத்துக் கண்ணை மூடி, திறந்து பாருங்கள். குறி நேராக நின்றால் அது உங்களுக்கு ஏற்ற அளவு. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் இல்லை.

கடைசியாக, அந்த அளவுத் தோட்டா உங்கள் பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். தோட்டா இல்லாத ரைஃபிள், டீசல் இல்லாத மோட்டார்.

பயிர்க் காவலுக்கு ரைஃபிள் உரிமம் கிடைக்குமா?

இங்கேதான் உங்கள் கணக்கு முதல் தடவையாக இடிக்கிறது.

1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பயிர்க் காவலைப் பெயர் சொல்லியே பேசுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அது சொல்வது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் கொடுக்கும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், வேறு மரையில்லாத துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கலாம். ரைஃபிள் அந்த வரியில் இல்லை. ரைஃபிள் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டி, மாவட்ட ஆட்சியரை நீங்கள் திருப்திப்படுத்த வேண்டும். காவல் துறை விசாரணை அறிக்கை வரவேண்டும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பன்றித் தொல்லை என்று மட்டும் எழுதினால், ரைஃபிளுக்கு அது போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளப்படுவது அரிது.

உரிமம் கிடைத்த பிறகும் வேலை தீராது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வீட்டில் பூட்டு போட்டு வைக்க வேண்டும். திருடு போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. அதனால் 'உரிமம் எதுக்கு, நான் ஒண்ணு செஞ்சு தரேன்' என்று பட்டறைக்காரர் யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

'குடகுக்காரங்க மட்டும் உரிமம் இல்லாம வச்சிருக்காங்களே' என்று கேட்கலாம். ஆம். குடகு இனத்தாருக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உரிமம் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. 2029 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் உரிம விலக்கு வேறு, வேட்டைக்கு அனுமதி வேறு. பன்றியைச் சுட அவர்களுக்கும் தனி அனுமதி வேண்டும்.

துப்பாக்கி இருந்தால் பன்றியைச் சுடலாமா?

உங்கள் கணக்கு இரண்டாவது தடவையாக இடிக்கிற இடம் இது.

துப்பாக்கி உரிமம் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ள மட்டும்தான். 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கிறது என்றால் அதைக் கொல்ல உத்தரவு போடுகிற அதிகாரம் 11ஆவது பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும், அவர் அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். விவசாயிக்கு இல்லை. மீறிச் சுட்டால் 3 வருடம் வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரலாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் தற்காப்புக்குக் கொல்வது குற்றமாகாது என்று சட்டம் சொல்கிறது. அது மனித உயிருக்கு. சோளத்துக்கு இல்லை.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் இதற்கு ஒரு முடிவு அறிவித்தார்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். அதையும் வனத்துறைப் பணியாளர்கள்தான் செய்ய வேண்டும்.

ஐயா, உங்கள் கடிதத்தில் நிலம் காட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, உங்கள் சோளக்காட்டில் வனத்துறைக்காரர்களே சுட முடியாது. பிடித்துக்கொண்டு போகத்தான் முடியும். .315, .30-06, ரெமிங்டன், எதை வாங்கினாலும் அந்த மூன்று ஏக்கரில் அது பரணில்தான் இருக்கும்.

கேரளாவில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அங்கேயும் விவசாயி நினைத்த நேரத்தில் சுட முடியாது. தலைவர் உத்தரவு போட்ட பிறகு, உரிமம் உள்ள, பட்டியலில் இருக்கிற ஆட்கள்தான் சுட வேண்டும். புளியரை தாண்டினால் ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டமா என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதைக் குறைதீர் கூட்டத்தில் எழுப்புங்கள். வரப்பில் தீர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள்.

என் பெரியப்பாவின் ஒற்றைக்குழல்

சட்டத்தை விடுங்கள். எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

என் பெரியப்பாவிடம் உரிமத்தோடு ஒரு ஒற்றைக்குழல் 12 போர் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற காலம். கடலைக்காட்டில் ராக்காவல். நடுச்சாமத்தில் வாய்க்கால் ஓரம் சலசலப்பு. பெரியப்பா சத்தத்தைப் பார்த்துச் சுட்டார். 'ஐயோ' என்று மனிதக் குரல் வந்தது. மேலத் தோட்டத்துக்காரர் தன் முறைத் தண்ணீருக்கு மடை மாற்ற வந்திருக்கிறார். கெண்டைக்காலில் நாலைந்து ரவை பாய்ந்திருந்தது. தூரமும் அதிகம், போட்டதும் பொடி ரவை. அதனால் பிழைத்தார்.

ரைஃபிள் குண்டு அப்படி இல்லை. பொடி ரவை இருநூறு, முந்நூறு கஜத்தில் சக்தி இழந்து விழுந்துவிடும். சின்ன .22 ரைஃபிளின் குண்டே ஒன்றரை கிலோமீட்டர் போகும். .30-06 குண்டு ஏற்றமான கோணத்தில் கிளம்பினால் மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிடும். உங்கள் நிலத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை மோட்டார் கொட்டகை, எத்தனை ஆட்டுக்கிடை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

பெரியப்பா மறுநாளே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். திரும்ப வாங்கவே இல்லை. மடை மாற்ற வந்தவர் கடைசி வரை எங்கள் வீட்டில் சாப்பிடுவார். ஆனால் பெரியப்பா அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அந்த ஒன்றரை லட்சத்தை என்ன செய்யலாம்?

நகையை அடகில் வைத்தது வைத்ததாக இருந்தால், அந்தப் பணத்தை நிலத்தைச் சுற்றிப் போடுங்கள்.

மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 1,450 அடி, அதாவது 440 மீட்டர். இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். உங்களைப் போல நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு ஏக்கரை ஒரே வேலியாகச் சுற்றினால் சுற்றளவு நாலு மடங்கு ஆகாது. இரண்டு மடங்குதான் ஆகும். ஏறக்குறைய 2,900 அடி. ஆளுக்கு 725 அடி. தனியாகப் போட்டால் ஆகிற செலவில் பாதி. பக்கத்து நிலத்துக்காரர்களோடு வரப்புத் தகராறு இருந்தாலும், இந்த ஒரு விஷயத்துக்காகப் பேசிப் பாருங்கள்.

சூரிய மின்வேலி பன்றிக்கு நன்றாக வேலை செய்யும், சரியாகப் போட்டால். பலர் யானைக்குப் போடுவது போல உயரத்தில் கம்பி கட்டிவிட்டு, 'பன்றி அடியில் புகுந்துடுச்சு' என்கிறார்கள். பன்றி மூக்கால் மண்ணை முட்டிக்கொண்டு வருகிற விலங்கு. முழங்காலுக்குக் கீழேயே மூன்று கம்பி வர வேண்டும். முதல் கம்பி தரையிலிருந்து அரை அடி முதல் முக்கால் அடிக்குள் இருக்க வேண்டும். கம்பியில் புல் உரசினால் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். அதனால் வேலி ஓரத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் அதிர்ச்சி குறையும். தரையில் அடித்த எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள்.

மின்வேலிக் கருவி வாங்கும்போதுதான் உண்மையில் பிராண்டு பார்க்க வேண்டும். விலையைப் பார்க்காதீர்கள். இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதா என்று பாருங்கள். விட்டு விட்டு, நொடியில் சிறு பகுதி மட்டும் மின்துடிப்பு கொடுக்கிற கருவியாக இருக்க வேண்டும். அது விரட்டும், கொல்லாது. பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், பழுதானால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், இந்த இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனப்பகுதிக்கு அருகில் மின்வேலி போடப் பதிவும் அனுமதியும் வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒதுக்கீடு தீர்வதற்கு முன்னால் போவது நல்லது.

வேலி வரும் வரை கையில் இருக்கிற வழிகளும் உண்டு. பன்றிக்குக் கண் மந்தம். மூக்குதான் அதற்கு எல்லாம். மக்காச்சோளத்தைச் சுற்றி மூன்று, நாலு வரிசை ஆமணக்கு நெருக்கமாகப் போடுங்கள். அந்த வாசனை சோள வாசனையை மறைக்கும். பன்றி அதைத் தின்னவும் செய்யாது. சலூனிலிருந்து முடி வாங்கி வரப்பு ஓரம் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது முடி மூக்கில் ஏறி எரிச்சல் கொடுக்கும். மழை பெய்தால் திரும்பத் தூவ வேண்டும். எந்த வழியானாலும் பத்து நாளுக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருங்கள். பன்றி புத்திசாலி. பழகிவிட்டால் பயப்படாது. பால் பிடிக்கிற அந்த இருபது நாள்தான் உயிர்நாடி. அந்த நாட்களில் நாலு தோட்டத்துக்காரர்கள் முறை வைத்துக் காவல் இருந்தால் பாதிச் சேதம் குறையும்.

சேதம் நடந்துவிட்டால் அன்றைக்கே புகைப்படம் எடுங்கள். மிதித்த பயிரைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இழப்பீட்டுக்கு அது வேண்டும். அதை விட முக்கியம், உங்கள் ஊரில் பன்றியைப் பிடிக்க வனத்துறை வர வேண்டுமென்றால், சேதம் நடந்ததாகக் கோப்பில் பதிவு இருக்க வேண்டும். மூன்று வருடம் அழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமும் மனு கொடுத்தீர்களா என்று எழுதவில்லை.

கையே வைக்கக் கூடாத இரண்டு

துப்பாக்கி கிடைக்கவில்லை என்றதும் சிலர் போகிற வழி இரண்டு. ஒன்று, மோட்டார் கொட்டகையிலிருந்து நேராகக் கம்பியில் மின்சாரம் கொடுப்பது. இன்னொன்று, அவுட்டுக்காய்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம், நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகப் போட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. 2020இல் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. யானை செத்தால் செய்திக்கு வருகிறது. அதே கம்பியில், வெளிக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளை செத்தால், அந்த ஊரில் இரண்டு குடும்பங்கள் அழிகின்றன. செத்தவன் குடும்பம் ஒன்று, கம்பி போட்டவன் குடும்பம் இன்னொன்று.

ஐயா, உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: .315க்கும் .30-06க்கும் இடையில் கேட்டால் .315. உங்கள் நிலத்துக்கு எது என்று கேட்டால் இரண்டும் வேண்டாம். நகையை இன்னும் மீட்க முடியுமென்றால், முதலில் நாலு தோட்டத்துக்காரர்களையும் ஒரு நாள் சாயங்காலம் உட்கார வைத்துப் பேசுங்கள். 725 அடிக்கு ஆகிற செலவு போக மீதி இருந்தால், வீட்டுக்காரி கழுத்துக்குத் திரும்பட்டும்.

அடுத்த மார்கழியில் கதிர் முற்றியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். வேலி நின்றதா, பன்றி ஜெயித்ததா என்று தெரிந்துகொள்ள நானும் காத்திருப்பேன். மற்ற வாசகர்களும் தங்கள் ஊரில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். பலிக்காததையும் எழுதுங்கள். அடுத்தவர் காசு மிச்சமாகும்.